குந்தலூர் மன்றத்துக்குச் சமத்துவம் வந்த விதம்

குந்தலூர் இளைஞர் மன்றத்தில் மூன்றே இளைஞர்கள். தலைவர் காத்தமுத்துவுக்கு வயது நாற்பத்திரண்டு. பெரியண்ணனும் தொப்ளானும் வயதில் இளையவர்கள்தான். யோசனையில் மூவரும் சரிசமம்.

ஆண் பெண் பாகுபாட்டை ஒழிப்பது எப்படி என்று டவுனில் பயிற்சி நடந்தது. மூவரும் போனார்கள். ஜெசிந்தா மேடம் நாள் முழுக்கப் பேசினார். காத்தமுத்து மனதில் நின்றது இரண்டு: வீட்டு வேலையில் பாதியை ஆண் செய்ய வேண்டும், பெண்ணின் குரல் ஊருக்குக் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை விளக்குமாற்றை எடுத்து வீட்டின் பாதியைப் பெருக்கினார். குப்பையை மறுபாதிக்குத் தள்ளினார். பிறகு உலையில் அரிசியைப் போட்டு, பாதி வெந்ததும் அடுப்பை அணைத்தார்.

மனைவி சிலம்பாயி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். “என்னங்க இது?”

“என் பாதி முடிஞ்சுது. மிச்சத்துலயும் கை வச்சா உன் உரிமையைப் பறிச்ச மாதிரி ஆயிடும்.”

அடுத்து, குரல். மன்றம் கூடி ஆலோசித்தது.

“கோயில் மைக்செட்டைக் கட்டலாம்” என்றான் பெரியண்ணன்.

“அது பக்கத்து ஊருக்கும் கேக்குமே. மேடம் ஒரு ஊருன்னுதானே சொன்னாங்க?” என்றான் தொப்ளான்.

“ஸ்பீக்கர் குழாயை நம்ம தெருப் பக்கம் திருப்பிட்டாப் போச்சு” என்று காத்தமுத்து தீர்த்துவைத்தார்.

சொன்னால் கூச்சப்படுவாள் என்று சிலம்பாயியிடம் சொல்லாமலே அடுப்புக்கு மேல் மைக்கைக் கட்டிவிட்டு, மூவரும் டீக்கடையில் போய் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கச் சிலம்பாயி பேசினாள். “சமத்துவம் படிச்சுட்டு வந்துட்டாராம். எம்மவ வகுப்புலயே முதல் மார்க்கு. பொம்பளப் புள்ள அந்தப் பாதையில போகக்கூடாதுன்னு எட்டாவதோட நிறுத்திப்புட்டாரு. மகன் அதே பாதையிலதான் சைக்கிள்ல போறான். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா இந்த மனுசன்?”

டீக்கடையில் எல்லோரும் காத்தமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சத்தம் தெளிவா இருக்கு தலைவரே” என்றான் தொப்ளான்.

“தெளிவாத்தான் இருக்கு” என்றார் காத்தமுத்து. டீயைப் பாதியில் வைத்தார். எழுந்து வீட்டுக்குப் போனார். “புள்ளை நாளைக்கே பள்ளிக்கூடம் போகட்டும்” என்று மைக்குக்குக் கீழே நின்றே சொன்னதால், அதுவும் ஊருக்குக் கேட்டது.

சைக்கிளைச் சரிபாதியாகப் பிரிக்கத் தொப்ளான் ரம்பத்தோடு வந்தான். சிலம்பாயி ரம்பத்தைப் பிடுங்கி வைத்தாள். மகள் மிதிக்க, மகன் பின்னால் உட்கார்ந்து போனான்.

சேதி கேட்டு ஜெசிந்தா மேடம் நேரிலேயே வந்து பாராட்டினார். “இனிமே பெண்கள் முன்னால வரட்டும். நீங்க அவங்களுக்குப் பின்னால நில்லுங்க, போதும்.”

மறுநாள் சிலம்பாயி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகில் யாரோ மூச்சு விடுவது போலிருக்கத் திரும்பினாள். காத்தமுத்து.

அவள் திரும்பியதில் தான் முன்னால் வந்துவிட்டதைக் கண்டு அவர் பதறிப்போனார். சுற்றி ஓடி மறுபடி அவள் முதுகுப் பக்கம் போனார். அவள் திரும்பினாள். அவர் ஓடினார். குடம் நிரம்பி வழிந்தது. குழாயடிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“கொஞ்சம் நில்லுங்களேன்” என்றாள் சிலம்பாயி, தலைசுற்றி.

“நிக்கத்தான்டி ஓடுறேன்” என்றார் காத்தமுத்து.