தோளில் போன வீடு

பாதை போய்விட்டது. போக்கடித்தவன் தஹாங்.

லப்பாரி என்பது சுலாவெசித் தீவின் கரையில் எண்பது வீடு கொண்ட ஊர். எல்லாம் மரக்கால்மேல் நிற்கும் மர வீடுகள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவே பாதை. வீட்டையே தூக்கிக்கொண்டு போகலாம், அத்தனை அகலம். படகுக்குப் போவதும், மீன் வருவதும், அடுத்த தீவுக்குக் கல்யாணப் பெண்ணை அனுப்புவதும், இறந்தவரின் ஜனாஸாவைக் கொண்டுவருவதும் அந்த வழியில்தான். அதற்குப் பத்திரம் கிடையாது. மூச்சு விடுவதற்கு யார் பத்திரம் வைத்திருக்கிறார்கள்?

தோப்பை ஒரு விடுதிக் கம்பெனி வாங்கியது. நடுவில் பாதை எதுவும் இல்லை என்று ஊர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றது. தஹாங் முப்பது வருடம் கப்பலில் இருந்தவன்; எழுதத் தெரிந்தவன். ஊருக்குப் புதுப் படகுத்துறை கட்டித் தருகிறோம் என்றார்கள். யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான். துறை வரவில்லை. கம்பிவேலி வந்தது. படகுக்குப் போக வேண்டுமானால் இனி சதுப்பைச் சுற்ற வேண்டும். அரை நாள்.

ஊர் அவனோடு பேச்சை நிறுத்தியது. அவன் தன் குருவிடம் போனான்.

குருவின் பெயர் சென்னிங். பெண். வயது நாற்பத்தொன்று, சீடனுக்கு ஐம்பத்தாறு. வீடு கட்டவும், கட்டிய வீட்டைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைக்கவும் தெரிந்தவர். அந்தக் கரையில் மண் ஒருவருடையது, வீடு இன்னொருவருடையது. மண்ணுக்காரர் போ என்றால் வீட்டோடு போய்விடுவார்கள். ஊரே தோள் கொடுக்கும். அந்த வித்தையைக் கற்க நாலு வருடமாக அவரிடம் இருந்தான் தஹாங். குரு என்பதால் அவன் அவரைப் 'புவாங்' என்று மரியாதையாக அழைப்பான். மூத்தவன் என்பதால் அவர் அவனை 'டாயெங்', அண்ணா, என்பார்.

"புவாங், போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?"

சென்னிங் உளியை நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டைத் தூக்குவோம்."

"நான் கேட்டது கையெழுத்தை."

"காது கேட்கிறது."

"தூக்கி எங்கே வைப்பது?"

"அவர்கள் பத்திரத்தில் தோப்பு எதுவரைக்கும்?"

"அலை ஏறும் கோடு வரைக்கும்."

"அதற்கு அந்தப் பக்கம்?"

"யாருக்கும் இல்லை."

"அங்கே வையுங்கள். அடுப்பைப் பற்றவையுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் நடுவே வேலி போட்டவன் இந்தக் கரையில் இதுவரை இல்லை. போடுகிறானா பார்ப்போம்."

தஹாங்குக்கு ரத்தம் சூடேறியது. "சரி. குறுக்கே நிற்கிற வேலியை நானே வெட்டுகிறேன். நான் செய்ததை நானே சரிசெய்கிறேன்."

"மூங்கில் வெட்டிக்கொண்டு வாருங்கள். இருபது."

வீடு அவன் மனைவி ஹாஸ்னாவுடையது. தாய் வழியில் வந்தது.

"நீ கிறுக்கினதுக்கு என் அம்மா கொடுத்த வீடு உப்புத் தண்ணியில் நிக்கணுமா?"

"குரு சொல்கிறார்."

"துணி காயப்போடப் போறது நானா, உன் குருவா?"

ஆனாலும் பானைகளை இறக்கிவைத்தாள். "அந்தக் கண்ணாடி பீரோவை நீயே தனியாத் தூக்கிட்டு வா. அதையும் ஊர் தலையில் கட்டாதே."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அறுபது ஆண்கள் வந்தார்கள். தஹாங் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"இளிக்காதே," என்றார் படகுக்கார ராபிங். "உன் முகத்துக்காக வரவில்லை. உன் பெண்டாட்டி வாழைப்பழம் வேகவைத்திருக்கிறாளாமே."

வீட்டின் அடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்கள். முன் மூலையில் தஹாங்கை நிறுத்தினார் சென்னிங்.

"இந்த மூலை உங்களுடையது. விட்டால் வீடு சாயும்."

தோளில் ஏறிய வீட்டை வழியில் இறக்கக் கூடாது என்பது அங்கே கட்டளை. இறக்கினால் ஒரு வருடம் அங்கேயே நிற்க வேண்டும். எதிரே நிற்பவன் தோள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். இதை அங்கே யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. தெரிந்திருக்கும்.

சென்னிங் குரல் கொடுத்தார். வீடு எழுந்தது. நடந்தது. வேலிக்கு முன்னால் வந்து நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் காவல்காரன். நீலச் சட்டை, தொப்பி, வாயில் விசில். அவனும் லப்பாரிக்காரன்தான். வேலை கிடைத்தது, போனான்.

விசிலை ஊதினான். "நில்லுங்கள்! கம்பெனி நிலம்!"

"இன்னும் ஒரு தடவை ஊது," என்றார் ராபிங். "தாளத்துக்கு நடக்க வசதியாக இருக்கும்."

யாருக்கும் சிரிக்க மூச்சு இல்லை.

"புவாங், அரிவாள் இடுப்பில் இருக்கிறது. ஒரு நிமிடம் விடுங்கள் என்னை."

"கை மூங்கிலில் இருக்கட்டும்."

"வீடு இறங்குகிறது!"

"தெரிகிறது."

பின்னால் இடது பக்கம் ஒருவனுக்கு முழங்கால் மடிந்தது. தரைப்பலகை முனகியது. இங்கே இறக்கினால் எல்லாம் முடிந்தது. பாதையின் வாயைத் தஹாங்கின் வீடே ஒரு வருடம் அடைத்துக்கொண்டு நிற்கும். கையெழுத்துக்கு மேல் முத்திரையும் குத்தின மாதிரி.

சென்னிங் வேலி ஓரமாகப் போனார். கெஞ்சவில்லை. திட்டவும் இல்லை.

"பின்னால் இடது பக்கம் ஒரு தோள் குறைகிறது," என்று காவல்காரனிடம் சொன்னார். திரும்பித் தன் இடத்துக்கு வந்துவிட்டார்.

காவல்காரன் வீட்டைப் பார்த்தான். கால்களைப் பார்த்தான். நூற்றிருபது கால்களும் நடுங்கின.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு," என்றான். யாரிடம் சொன்னானோ.

விசிலைக் கழற்றிப் பையில் போட்டான்.

"மூணாவது கம்பமும் நாலாவதும் ஆழமில்லை. அடியில் பாறை. நட்டவன் நான்தானே." பிடித்து ஆட்டினான். வந்துவிட்டது. அடுத்ததை ஆட்டினான். இரண்டு போதாது, வீடு அகலம். எட்டுக் கம்பம் பிடுங்கினான், கை கிழிந்தது. கம்பியை மிதித்துத் தரையோடு படுக்கவைத்தான். தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினான்.

இடது பக்கம் நிமிர்ந்தது. அதை முன் மூலையில் நின்ற தஹாங்கின் தோள் உணர்ந்தது.

வீடு கடலுக்குப் போனது.

அலைக்கோட்டைத் தாண்டி இறக்கினார்கள். ஹாஸ்னா முதலில் அடுப்பைப் பற்றவைத்தாள். புகை கூரை வழியாக வெளியே வந்த பிறகுதான் ஆண்கள் உட்கார்ந்தார்கள். வாழைப்பழம் இலையில் வந்தது. பெண்கள் குடங்களோடு கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார்கள், தோப்பு வழியாக, சத்தமாகப் பேசிக்கொண்டு.

வெயில் தாழும் முன்பே மேனேஜர் ஜீப்பில் வந்தார். கூட ஒரு குமாஸ்தா. குடத்துப் பெண்கள் நடுவழியில் வந்ததால் டிரைவர் ஜீப்பை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

"வேலியைத் திரும்பப் போடுவேன்!"

ஹாஸ்னா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "போடுங்க. தண்ணியை நீங்க கொண்டாந்து ஊத்துங்க. காலையில ஆறு குடம், சாயங்காலம் நாலு."

மேனேஜர் ஜனத்தைப் பார்த்தார். குரலை இறக்கினார். "பிடுங்கினவன் யார்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். மற்றவர்களை விட்டுவிடுகிறேன்."

குமாஸ்தா நோட்டைப் பிரித்தார்.

தஹாங் பாய்ந்து முன்னால் போனான். "நான்! நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?"

"டாயெங்," என்றார் சென்னிங்.

நின்றான்.

"ஊருடைய பாதையை உங்கள் பெயரில் கொடுத்தீர்கள். இப்போது இன்னொருவர் செய்ததையும் உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளப் போகிறீர்களா?"

தஹாங் ஓரடி பின்னால் வந்தான்.

ஏணிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த காவல்காரன் இலையை மடித்து வைத்தான். கையைச் சட்டையில் துடைத்தான். நீலத்தில் ரத்தம். இறங்கி வந்து நின்றான்.

"நீயா? நீ எங்கள் ஆள்!"

"காலையில் இருந்தேன்."

"வேலை போய்விடும், தெரியுமா?"

"தெரியும். சட்டையைத் துவைத்துத் தருகிறேன்."

ராபிங் கைதட்டினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஏணியிலிருந்து படகு வரைக்கும் போனது.

குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடி மேனேஜரைப் பார்த்தார். "சார், இவன் பெயர் என்ன?"

மேனேஜருக்குத் தெரியவில்லை.

சென்னிங் நோட்டுக்கு அருகில் போனார். "பாதையைத் திறந்தவர் பெயர்தானே? பிழை இல்லாமல் எழுதுங்கள். சங்கலா."