ஒன்பது தானியமும் ஓணான் தலையும்

அந்தக் காலத்தில், ஆடு மாடு தொடங்கி அட்டைப்பூச்சி வரைக்கும் எல்லாம் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, ஓணானின் கழுத்து உலக்கை மாதிரி விறைப்பாக இருந்தது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வாயால்தான் சொல்லும். தலையை ஆட்டுகிற பழக்கமே அதற்குக் கிடையாது.

அந்த ஓணான், ஆவரங்காடு என்ற ஊரின் உழவு நிலத்தைச் சுற்றியிருந்த கிளுவை வேலியில் குடியிருந்தது. வெயிலுக்கு வெயில், பூச்சிக்குப் பூச்சி. வேறென்ன வேண்டும்?

ஊரில் ஒன்பது வீடு, வீட்டுக்கு ஒரு தானியம். சிலம்பாயி வீட்டில் கம்பு, நல்லக்கா வீட்டில் எள், ஒச்சாயி வீட்டில் கொள்ளு. மற்ற ஆறு வீடுகளில் நெல், சோளம், கேழ்வரகு, தினை, உளுந்து, துவரை. சித்திரை முதல் நாள் ஊரே கூடி நல்லேர் பூட்டும். வருஷத்தின் முதல் உழவு அது. ஒன்பது வீட்டு ஏரும் ஒரே நிலத்தில் இறங்கும். ஆனால் முதல் விதை மட்டும் ஒரே ஒரு வீட்டுத் தானியம்தான். அந்த வீட்டுக்காரி அடுத்த சித்திரை வரைக்கும் குடத்தை இடுப்பில் வைக்கிற தினுசே வேறாக இருக்கும். மற்ற எட்டுப் பேரும் வயிறு எரிந்து கிடப்பார்கள். திருவிழா முடியும்போது இரண்டு வீடாவது பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கும்.

நாட்டாமை மலைக்கொழுந்துக்கு இந்த வழக்கைத் தீர்த்துத் தீர்த்து அலுத்துவிட்டது. "இந்தத் தடவை அவங்கவங்க தானியத்துல ஒண்ணு சமைச்சு வைங்க. எது ருசியோ அதுதான் முதல் விதை" என்றார்.

ருசி பார்ப்பது யார்? காளை என்றால் சோளத்துக்குச் சாயும். அணில் தினைக்கு அலையும். காக்கை எதைப் போட்டாலும் தின்னும். கடைசியில் நாட்டாமையின் கண் வேலிப்பக்கம் போனது.

"ஓணான்தான் சரி. பூச்சியத் தவிர எதையும் வாயில வச்சதில்ல. யார் பக்கமும் சாய மாட்டான்."

ருசியே தெரியாதவனையா ருசி பார்க்க விடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. சண்டையில் இருக்கிற ஊருக்கு அவ்வளவு யோசனை ஓடாது.

ஓணானுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நாட்டாமை அதோடு விடவில்லை. "ஒழுங்காச் சொன்னா இந்த வேலி பரம்பரைக்கும் ஒனக்குத்தான். சண்டைய இழுத்துவிட்டியோ, அன்னைக்கே காட்டைப் பாத்து ஓட வேண்டியதுதான்."

காட்டில் பருந்து இருந்தது. பாம்பும் இருந்தது.

திருவிழாக் காலையில் முதல் வீடு சிலம்பாயி வீடு. நேற்று வரை "சீ, போ" என்று கல்லெறிந்தவள், "வாங்கண்ணே, ஒக்காருங்கண்ணே" என்று தடுக்குப் போட்டாள். கம்பங்கூழ் ஓணானின் வாயெல்லாம் அப்பிக்கொண்டது. சிலம்பாயி அகப்பையும் கையுமாக அதன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"எப்படிண்ணே இருக்கு? இதானே ஒசத்தி?"

எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் ஓணான் நினைத்தது. கூழ் அப்பிய வாய் திறக்கவில்லை. அகப்பை இன்னும் கொஞ்சம் நெருங்கியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"சொல்லிட்டாரு, அண்ணன் சொல்லிட்டாரு!" சிலம்பாயி குலவையிட்டாள்.

நல்லக்கா வீட்டில் எள்ளுருண்டை பல்லில் ஒட்டிக்கொண்டது. அவள் கண் கலங்கி நின்றாள். "எங்க வீட்டுக்கு ஏழு வருஷமா முதல் விதை இல்லண்ணே." பாவம், இவளிடம் எப்படி இல்லை என்பது? தலை ஆடியது. ஒச்சாயியின் கொள்ளு ரசத்தில் காரம் ஏறி ஓணானின் கழுத்து செக்கச்செவேல் என்று சிவந்தது. தண்ணீருக்காக அது தலையை ஆட்ட, "ரசம்னா இப்படித்தான் ஏறணும்" என்று ஒச்சாயி பூரித்துப்போனாள். மீதி ஆறு வீட்டிலும் அதே கதைதான். கழுத்துக்கு அதற்குள் வழக்கமாகிவிட்டது.

பொழுது ஏறியது. மாடுகள் பூட்டி நின்றன. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நிலத்து நடுவே நாட்டாமை விதைப்பெட்டியை நீட்டினார். "சொல்லுப்பா, எந்த வீடு?"

ஓணான் வாய் திறக்குமுன்பே ஒன்பது பேரும் மடியில் கட்டிய விதையோடு ஓடி வந்தார்கள். "எங்களுதுதானே?" என்று சிலம்பாயி கேட்டாள். தலை ஆடியது. "அடியே, எங்களுது!" என்று ஒச்சாயி கத்தினாள். அதற்கும் ஆடியது. ஒருத்தி பெட்டியில் கொட்ட, இன்னொருத்தி அவளைத் தள்ளிவிட்டுக் கொட்ட, நெல்லும் எள்ளும் கம்பும் கொள்ளும் ஒன்றாய்க் கலந்து பெட்டி நிறைந்தது.

நாட்டாமைக்கு ரத்தம் கொதித்தது. "ஒன்பது பேருக்குமாடா தலைய ஆட்டினே?"

ஓணான் அதற்கும் ஆட்டியது.

எள்ளைப் பொறுக்கிப் பிரிக்க ஒரு மாசம் ஆகும். நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது. "போற போக்குல போகட்டும்" என்று நாட்டாமை கலந்த விதையையே அள்ளி வீசினார். பிறகு மண்கட்டியை எடுத்துக்கொண்டு, ஓணான் ஓடி ஏறியிருந்த வேலிப்பக்கம் திரும்பினார்.

சிலம்பாயி குறுக்கே வந்து நின்றாள். "அவரை வெரட்டாதீங்க. எங்க கம்பு ஒசத்தின்னு சொன்ன ஒரே சாட்சி அவருதான்."

"சாட்சியா? எங்க எள்ளுக்கில்ல சாட்சி!" நல்லக்காவும் வந்து நின்றாள். ஒச்சாயி வந்தாள். ஒன்பது பேரும் வேலியை மறித்து நின்றார்கள். அந்த ஊரில் ஒன்பது வீடும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. நாட்டாமை மண்கட்டியைக் கீழே போட்டுவிட்டு, "சரி, சோத்தைப் போடுங்க" என்றார். ஒன்பது வீட்டுச் சமையலும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டது. அடுத்த வீட்டுப் பலகாரத்தை அன்றுதான் ருசித்த சிலர், நன்றாகத்தான் இருக்கிறது என்பதை வெளியே சொல்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

எட்டாம் நாள் ஒன்பது முளையும் வந்தன. ஒவ்வொருத்தியும் வேலிக்கு வந்து, "எங்களுதுதானே முந்தி நிக்குது?" என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டு, நிம்மதியாக வீடு போனாள்.

அன்று முதல்தான் நல்லேர் பூட்டும் நாளில் ஒன்பது தானியத்தையும் ஒரே பெட்டியில் கலந்து விதைக்கிறார்கள். அன்று முதல்தான் ஓணானும், வேலியோரம் யார் நடந்து போனாலும், அவர்கள் வாய் திறக்குமுன்பே தலையை ஆட்டி வைத்துவிடுகிறது.