தளவாய் பார்த்த மண்புழு உத்தியோகம்

வேங்கைமலை அரசர் இராஜகேது, மழை விட்ட மறுநாள் காட்டுக்குப் போனார். மண்புழுவை மிதித்தார். வழுக்கி உட்கார்ந்தார். பரிவாரம் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. காட்டைக் கவனிக்கும் கோணையன் மட்டும் தும்முவதுபோல் பாவனை செய்து சமாளித்தான்.

அவனைக் கண்டாலே ஆகாத தளவாய் உக்கிரசேனருக்கு இது போதாதா?

"மகாராஜா, இந்தப் புழுவுக்கு எலும்பில்லை, கண்ணில்லை, ஒரு வேலையும் இல்லை. ராஜாங்கக் காட்டில் சும்மா தின்கிறது. துரத்த வேண்டும்" என்றார்.

அரசர் இடுப்பைத் தடவிக்கொண்டார். "நாளை மாலைக்குள் காட்டில் ஒரு புழு இருக்கக் கூடாது. இருந்தால், கோணையா, நீ நாட்டில் இருக்கக் கூடாது."

கோணையன் கைகூப்பினான். பணிவாகச் சொன்னான். "உத்தரவு. ஆனால் நம் அரண்மனை வழக்கம் ஒன்று இருக்கிறதே. ஒருவனை வேலையிலிருந்து நீக்கச் சொன்னவர், வேறு ஆள் வரும்வரை அந்த வேலையைத் தாமே பார்க்க வேண்டும்."

வழக்கம் யாருக்கும் மறக்கவில்லை. போன வருஷம் ரசத்தில் உப்பு அதிகம் என்று சமையற்காரனை நீக்கச் சொன்னவரும் இதே தளவாய்தான். எட்டு நாள் அவர் வைத்த ரசத்தைத்தான் எல்லாரும் குடித்தார்கள்.

"புழுவுக்கு என்ன பெரிய வேலை?" என்றார் தளவாய்.

"உதிர்ந்த இலையை மண்ணுக்குள் இழுத்து உரமாக்க வேண்டும். மண்ணைத் துளைத்து மழைக்கு வழிவிட வேண்டும். ஒரு வேரும் அறக் கூடாது."

"இவ்வளவுதானா?"

மறுநாள் காலை தளவாய் ஒரு மருத மரத்தடியில் மண்வெட்டியோடு இறங்கினார். வேர் அறக் கூடாதே! மண்வெட்டி போய்க் கடப்பாரை வந்தது. கடப்பாரை போய்க் குச்சி வந்தது. கடைசியில் விரல்தான் மிஞ்சியது. உச்சிப்பொழுதில் அரசர் வந்தபோது ஒரு முறம் அளவு இடம்கூட முடியவில்லை. சுற்றிலும் அவர் மிதித்த மண் இறுகிக் கிடந்தது.

அதில் கோணையன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். தேங்கி நின்றது. பக்கத்தில் புழுக்கள் இருந்த மண்ணில் ஊற்றினான். குடத்தை நிமிர்த்துவதற்குள் உள்ளே போய்விட்டது.

"நம் கிணறுகளின் ஊற்றுக்கு நீர் போகிற வழி இதுதான், மகாராஜா."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று தளவாய் முனகினார். "பசி காதை அடைக்கிறது. என் சோறு எங்கே?"

கோணையன் அவரை மரியாதையாக உட்கார வைத்துத் தையல் இலை போட்டான். காய்ந்த மந்தார இலைகளை ஈர்க்கால் தைத்தது. தண்ணீர் தெளித்தான். கைகட்டி நின்றான். தளவாய் காத்திருந்தார். சோறு வரவில்லை.

"பரிமாறப்பா."

"பரிமாறியாயிற்று, ஐயா. இந்த உத்தியோகத்துக்கு இலைதான் சாப்பாடு."

அரசர் சிரித்த சிரிப்பில் மறுபடி வழுக்கப் பார்த்தார். "புழுக்கள் இருக்கட்டும், நீயும் இரு. என்ன பரிசு வேண்டும், கேள்."

"பரிசை மெதுவாகக் கொடுங்கள், மகாராஜா. முதலில் தளவாய்க்குச் சோறு போடச் சொல்லுங்கள். இலையில் ஒரு ஓரத்தைக் காணோம்."