டீ குடித்துவிட்டு வாங்கிய படகு

“மூணு வாட்டி டீ கொண்டாந்தவ, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

இதையேதான் காஸ்பர் கடற்கரையில் நின்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான். அவன் முன்பணம் கொடுத்து வாங்கிய பழைய ஃபைபர் படகு, மூக்கு தண்ணீரிலும் வால் மணலிலுமாகக் கிடந்தது. உள்ளே குறுக்குப் பலகையில் பிரகாசி உட்கார்ந்திருந்தாள். படகை விற்ற தொம்மையின் மனைவி. இறங்க மாட்டேன் என்றாள்.

நியாயம் யார் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடை எழுதுகிறவர்களுக்கு எங்கள் பள்ளியில் சிஸ்டர் ஸ்கேலால்தான் பதில் சொல்வார்.

காஸ்பர் முன்பு ஒரு படகை எதையும் விசாரிக்காமல் வாங்கி, திருட்டுப் படகு என்று பறிகொடுத்தவன். சூடு கண்ட பூனை. ஆகவே தொம்மையின் ஊரான சங்குமுனைக்குப் படகு பார்க்கத் தனியாக வரவில்லை. இன்ஜின் மெக்கானிக்கான மச்சான் எட்வினையும், தன் ஊர் மீனவர் சங்கச் செயலாளரையும் கூட்டிக்கொண்டு வந்தான். பெண் பார்க்கப் போகிறவர்களிடம்கூட இந்த மிடுக்கைப் பார்க்க முடியாது.

தொம்மை முதுகுவலி என்று சொல்லிக் கடலுக்குப் போவதை விட்டு ரொம்ப நாளாகிறது. வேறு ஆட்கள் படகை எடுத்துப் போவார்கள். பிடித்த மீனில் படகுக்குரிய பங்கு வீடு வந்து சேரும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். இப்போது தொம்மைத் துரைக்கு ஒரு கூட்டாளியோடு லாஞ்சியில், அதாவது பெரிய விசைப்படகில், பங்கு சேர ஆசை. “நம்ம படகு மாப்ள. ஒரே கை. வேற யாருக்கும் இதுல பாத்தியதை கெடையாது” என்றான். பிறகு உள்ளே திரும்பி, “ஏட்டி பிரகாசி, டீ கொண்டா!”

எட்வின் படகின் வயிற்றை விரல் முட்டியால் தட்டி, ஒட்டுப்போட்ட இடம் உண்டா என்று காது வைத்துக் கேட்டான். முகப்பில் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் ‘மி. பிரகாசி’ என்று எழுதியிருந்தது. அதையும் சேர்த்துப் போட்டோ எடுத்தான்.

செயலாளர் பதிவுச் சான்றைக் கேட்டார். “ஏட்டி, படகுப் பேப்பர் எங்க கெடக்கு?” என்றான் தொம்மை. அவள் இடுப்பிலிருந்த சாவியால் தன் கல்யாணப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். சான்றில் தொம்மை பெயர். செயலாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நீதிபதி மாதிரித் தலையை ஆட்டினார். இரண்டாவது டீ.

காஸ்பர் ஊரைச் சுற்றினான். மீன்துறை அலுவலகத்தில் கேட்டான். ஐஸ் கம்பெனியில் கேட்டான். கோயில் கமிட்டியில் கேட்டான். திருட்டுப் படகா, இல்லை. கடனில் கிடக்கிறதா, இல்லை. யாராவது இதிலிருந்து விழுந்து செத்தார்களா, அதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். கேட்காததைச் சொல்ல அவர்களுக்கென்ன தலையெழுத்து?

மூன்றாவது டீயைக் கொடுக்கும்போது பிரகாசி கேட்டாள்: “எல்லாத்தையும் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு மயினி.”

“கேக்க வேண்டிய ஆளுகளை எல்லாம் கேட்டாச்சா?”

“கடல்ல கெடக்க மீனைத்தான் கேக்கல மயினி!” என்றான் காஸ்பர். வந்த மூவரும் சிரித்தார்கள். தொம்மை மட்டும் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினான்.

மறுநாள் காலையில் ஆள் கூட்டி வந்து படகைத் தள்ளும்போதுதான், அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

“எங்கப்பா எனக்குச் சீதனமாக் குடுத்த படகு. நான் விக்கல.”

“பேப்பர் எம் பேர்ல இருக்கு!” என்றான் தொம்மை.

“மாப்பிள்ளைக்கு மரியாதையா இருக்கட்டும்னு எங்கப்பா உம்ம பேர்ல பதிஞ்சாரு. மரியாதைய விக்கிறவன இன்னைக்குத்தான் பாக்கேன்.”

இப்போது சொல்லுங்கள். பேப்பரை நீட்டி விற்றவன் ஒருவன். ஊரெல்லாம் விசாரித்து வாங்கியவன் ஒருவன். எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் டீ கொடுத்தவள் ஒருத்தி. இந்த மூவரில் குற்றம் யார்மேல்?

விடை இதுதான். தொம்மை திருடன்; அதற்குப் புதிர் எதற்கு? காஸ்பருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். தொம்மையின் மனைவி பெயருக்கு முன்னால் ‘மி’ ஏன்? அவள் அப்பா மிக்கேல்; பெயர் எழுதியே பிறந்த வீட்டிலிருந்து வந்த படகு அது. படகுக்காரனுக்குத் தன் படகுப் பேப்பர் இருக்கும் இடம் ஏன் தெரியவில்லை? அது ஏன் அவள் பெட்டியில், அவள் சாவிக்குள்? ஆறு கண்ணும் பார்த்தன, ஒன்றுக்கும் உறைக்கவில்லை. கட்டினவன் எதிரில் வீட்டுக்குள் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடற்கரை என்றால் நாலு பேர் பார்ப்பார்கள். வீட்டுக்குள் எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவு கேட்டாள். கேட்டதற்குச் சிரிப்பு கிடைத்தது. முன்பணத்தை வாங்கினவனிடமே காஸ்பர் வசூல் பண்ணிக்கொள்ளட்டும். பிரகாசி செய்த ஒரே தப்பு, மூன்றாவது தடவையும் டீ போட்டது.

ஆனால் விடை தெரிந்துவிட்டால் படகு கரையேறிவிடுமா? தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அலை முகப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தள்ளுவதற்கு வந்த ஆட்கள் அத்தனை பேரும் அங்கேயேதான் நின்றார்கள்.

“ஆளுக்கு ஒரு கை குடுத்து மேட்டுல ஏத்தி விடுங்க” என்றாள் பிரகாசி.

செயலாளர் செல்போனை எடுத்துப் பார்த்தார். எட்வின் தன் செருப்பிலிருந்த மணலைத் தட்டினான். ஒருவன் யாருடைய வலையையோ விரித்துக் கிழிசல் தேடினான்.

பிரகாசி, கதை கேட்டு நின்ற உங்கள் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்களைத்தான். எம் படகைக் கொஞ்சம் பிடிங்க.”