பருத்துப் போன திராட்சைக் கொடி

ஓடைக்கரையில் ஒரு திராட்சைக் கொடி வாகை மரத்தைப் பிடித்து ஏறியிருந்தது. அதன் மேல் ஓர் அணில் மூன்று குட்டிகளோடு கூடு கட்டியிருந்தது. குட்டிகள் பால்குடி மறக்கும் நேரத்தில் கொடியில் பழம் வந்துவிடும். அணில் அதை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் ஒரு முயல், பல் நமநமவென்கிறது என்று கொடியின் அடித்தண்டைக் கடித்துவிட்டு ஓடிப்போனது. காயத்தில் சாறு கசிந்தது. அந்த வாசம் பிடித்து மண்ணுக்குள்ளிருந்து கிருமிகள் வந்தன. கண்ணுக்கே தெரியாத பொடிசுகள்.

“அக்கா, ஒரு ஓரமா இருந்துக்கிறோம். சும்மா இல்லை, உங்களைப் பருக்க வைக்கிறோம்.”

“நிஜமாவா? நான் குச்சி மாதிரி இருக்கேன்னு இந்த வாகை தினமும் கிண்டல் பண்ணுது.”

“யாரு என்னன்னு விசாரிக்காம உள்ளே விடாதேடி,” என்றது அணில்.

“உனக்குப் பொறாமை. நீங்க வாங்க.”

பத்து நாளில் அடித்தண்டு நெல்லிக்காய் அளவு வீங்கியது. பிறகு தேங்காய் அளவு. கொடிக்குத் தலைகால் புரியவில்லை.

“எப்படிப் பூரிச்சிருக்கேன் பார்த்தியா!”

“பூரிப்பு இருக்கட்டும். இலையெல்லாம் ஏன் மஞ்சளாச்சு? பூ எங்கே?”

கொடி மேலே பார்த்தது. ஒரு மொட்டுகூட இல்லை. வேர் உறிஞ்சிய தண்ணீர் அந்தக் கட்டியைத் தாண்டி ஏறவே இல்லை. கொடி கிருமிகளைப் பார்த்துக் கத்தியது.

“போங்க எல்லாரும் வெளியே!”

கிருமிகள் சண்டையே போடவில்லை. சமர்த்தாக இறங்கி மண்ணுக்குள் போய்விட்டன. அணில் பெருமூச்சு விட்டது.

மறுநாள் கட்டி இன்னும் பெரிதாக இருந்தது.

“இன்னும் யாரு உள்ளே இருக்கா?” கொடி பதறியது.

“யாருமில்லை அக்கா,” மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது. “பருக்க வைக்கிற சாறு காய்ச்சுற வேலையை உங்க சதைக்கே பழக்கிட்டோம். இப்போ காய்ச்சுறது நீங்கதான்.”

“ஐயோ, எப்படி நிறுத்துறது?”

“எங்களுக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும்.”

அணில் கட்டியை ஒருமுறை பார்த்தது. பிறகு மூத்த குட்டியை வாயில் கவ்வி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த இலந்தை மரத்தில் கொண்டுபோய் விட்டது. அடுத்ததற்குத் திரும்பி வந்தபோது கொடி கேட்டது.

“என்னை விட்டுட்டுப் போறியா?”

“பிள்ளைங்களுக்குப் பசிக்குமே, நான் என்ன செய்ய?”

சீக்கிரம் பெரிதாக்கிவிடுகிறேன் என்று வருகிறவரை வெளியே அனுப்பிவிடலாம், அவர் உள்ளே செய்து வைத்ததை அனுப்ப முடியாது.