மாப்பிள்ளை எப்படித் தூங்குவார்?

பூமயிலுக்கு மூன்று அண்ணன்மார். மூவரும் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். முதுகில் எத்தனை மூட்டை ஏற்றினாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். காதில் ஒரு வார்த்தை ஏற்றினால்தான் வம்பு. சொன்னது சொன்னபடியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பெரியவன் சுடலைமுத்து, "உங்க வீடா நெனச்சுக்கோங்க" என்றான். அவ்வளவுதான். நடுவுள்ளவன் பிச்சைக்கனியும் சின்னவன் எசக்கியும் பாயைச் சுருட்டிக்கொண்டு, சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் போய்க் குடியேறிவிட்டார்கள். அந்த வரன் அன்றோடு சரி.

அடுத்து வந்தவன் குணசீலன். நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். பூமயிலுக்குப் பிடித்திருந்தது, நிச்சயமும் முடிந்தது. அவன் அம்மா ராமலட்சுமி நகை நட்டு எதுவும் கேட்கவில்லை. மெமரி ஃபோம் மெத்தை ஒன்று மட்டும் கேட்டாள்.

"விடிய விடிய மெஷின்கிட்ட நிக்கிற பிள்ளை. பகல்லதான் தூக்கம். அவன் தூங்குற வாகுக்கு மெத்தை அமையணும். இதுல ஏதாவது கோளாறு பண்ணுனீங்க, நிச்சயத்தோட நிறுத்திக்குவோம்."

சொன்னால் செய்துவிடுகிற பொம்பளை. மெத்தையைப் பற்றிப் பூமயிலுக்குப் பயமில்லை. வாங்கப் போகிறவர்களைப் பற்றித்தான்.

அதனால் முதல் நாள் அவளும் கூடவே போனாள். கடை முழுக்க ஏசி. ஊசி விழுந்தாலும் கேட்கும். விற்பனைக்காரர் மெத்தையில் கையை அழுத்தி எடுத்தார். கை பதிந்த பள்ளம் அப்படியே நின்று, மெதுவாக மேலே வந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, உடம்பு வாகை அப்படியே ஞாபகம் வச்சுக்கும்."

சுடலைமுத்து குனிந்து பார்த்தான். "எங்க வச்சுக்கிச்சு? இந்தா மறந்துட்டுதே."

"நம்ம எசக்கி மாதிரிதான் இதுவும்" என்றான் பிச்சைக்கனி.

விற்பனைக்காரர் பூமயில் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்டிக்காரர். "ஒருக்களிச்சுத் தூங்குறவங்கன்னா தோளு அமுங்கணும், மெதுமெதுன்னு இருக்குறதை எடுக்கணும்மா. மல்லாந்து படுக்குறவங்களுக்கு நடுத்தரம். குப்புறப் படுக்குறவங்களுக்குக் கொஞ்சம் விறைப்பா. இல்லன்னா இடுப்பு போயிரும். மாப்பிள்ளை எப்படித் தூங்குவாரு?"

பூமயில் முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

"எதுக்கும் தூங்குறவரையே கூட்டிட்டு வந்து படுக்க வச்சுப் பாத்துருங்க" என்று விற்பனைக்காரர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் பூமயிலுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. "அவரைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சுப் பாருங்கண்ணே. அவரு சொல்றதை வாங்குங்க. நீங்களா எதுவும் யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். யோசிக்காதீங்க என்று சொன்னால் மட்டும் இவர்கள் கேட்க மாட்டார்கள்.

அடுத்து நடந்ததை அண்ணன்மாரே பிறகு அவளிடம் பெருமையாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது ராமலட்சுமி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். குணசீலன் வாசல் வேப்பமரத்தடியில் நார்க்கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எசக்கி எழுப்பப் போனான். சுடலைமுத்து கையைப் பிடித்துவிட்டான்.

"எழுப்புனா முழிச்சிருவாருல்ல?"

"முழிச்சாத்தானே அண்ணே கடைக்கு வருவாரு?"

"கடைக்காரரு என்ன சொன்னாரு? தூங்குறவரைக் கூட்டிட்டு வான்னாரு. முழிச்சிருக்குறவரைக் கூட்டிட்டுப் போயி என்ன செய்ய?"

எசக்கி வெட்கப்பட்டுப்போனான். ஆக, தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. தூக்குவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம். ஆனால் கட்டிலுக்கு நாலு கால், இவர்கள் மூன்று பேர். மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"மாப்பிள்ளையையே ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுவோமா? நல்ல மனுசன், மாட்டேன்னு சொல்ல மாட்டாரு" என்றான் பிச்சைக்கனி.

"அவரு பிடிச்சா தூங்குறது யாருலே?"

"மாத்தி மாத்தித் தூங்குவோம்."

இதையும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். கடைசியில் மூவருமே தூக்கினார்கள். தெருமுனை தாண்டும்போது எதிரே வந்த ஒரு பெரியவர் பார்த்தார். சைக்கிளை ஓரமாகச் சாத்தினார், செருப்பைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், பேசாமல் வந்து நாலாவது மூலைக்குத் தோள் கொடுத்தார்.

"வயசு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"இருவத்தெட்டு."

"ச்சே" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் எதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று எசக்கிக்குப் புரியவில்லை. இருபத்தெட்டு ஒன்றும் அவ்வளவு அதிகமில்லையே.

ஜெராக்ஸ் கடையில் பூமயில் ஆதார் அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். முதலாளி திடீரென்று எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். "யாரோ போயிட்டாங்க போலிருக்கு." வெளியே வேட்டுச் சத்தம். பூக்கடை அக்கா ஒரு மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பூமயில் ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

முன்னால் சுடலைமுத்து. கட்டிலில், மாலையோடு, குணசீலன்.

எப்படித் தெருவுக்கு வந்தாள் என்றே அவளுக்குத் தெரியாது. "அண்ணே, அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எடுக்கும்போது ஒருக்களிச்சுதான் இருந்தாரு. வேட்டுச் சத்தத்துல மல்லாந்துட்டாரு. இப்ப நடுத்தரம்."

அப்போதுதான் குணசீலனின் குறட்டை அவள் காதில் விழுந்தது. மில் சத்தத்திலேயே வளர்ந்த காது. வேட்டும் பஸ் ஹாரனும் அவனுக்குத் தாலாட்டு. உயிர் வந்த கையோடு அவளுக்குக் கோபமும் வந்தது.

"இறக்குங்கண்ணே. அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுரும்."

"நடுரோட்டுல இறக்குனா மெத்தை எங்க இருக்கு?" என்றான் சுடலைமுத்து. அந்தக் கேள்விக்குப் பதில் யோசிப்பதற்குள் கட்டில் கடைக்குள் போய்விட்டது. பின்னாலேயே பாதி ஊர். விற்பனைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டபடி சுவரோடு ஒட்டிக்கொண்டார். அண்ணன்மார் குணசீலனைப் பக்குவமாக எடுத்து நடுத்தர மெத்தையில் கிடத்தினார்கள்.

கண்ணாடிக் கதவு மூடியது. சத்தம் நின்றது. ஒரு ஹாரன் கிடையாது, ஒரு மெஷின் கிடையாது. அந்த அமைதியில் குணசீலன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

பார்த்தான். கழுத்தில் மாலை. பக்கத்தில் பூமயில். சுற்றிலும் மச்சான்மார். அதற்குப் பின்னால் திரளாக ஜனம்.

"அடடா, தூங்கிட்டேனா?" என்றான். அவன் குரல் இறங்கியது. "முகூர்த்தம் முடிஞ்சிருச்சா?"

பூமயில் வாயைத் திறப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. ராமலட்சுமி. கையில் ரேஷன் பாமாயில், தலை அவிழ்ந்து, மூச்சு இரைக்க, தெருவெல்லாம் கேட்டதை நெஞ்சில் சுமந்துகொண்டு ஓடி வந்திருந்தாள். எல்லாம் முடிந்தது என்று பூமயில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா நீ, பெத்த மகன் கல்யாணத்துக்கு இவ்வளவு நேரங்கழிச்சா வர்றது?" என்றான் குணசீலன்.

ராமலட்சுமி மகனைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் நூல் சேலையைப் பார்த்தாள்.

"ஐயையோ, பட்டுச் சேலையைக் கட்டாம வந்துட்டேனே" என்றாள்.

பூமயில் கண்ணைத் திறந்தாள். இனிமேல் இந்தக் கல்யாணத்தை யாராலும் நிறுத்த முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

விற்பனைக்காரர் மட்டும் சுவரோரத்திலிருந்து மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, ஒருக்களிச்சா, மல்லாந்தா, குப்புறவா? ஏதாவது ஒண்ணு சொல்லிருங்க."

மூவரும் தலையோடு தலை முட்டிப் பேசினார்கள். சுடலைமுத்து தொண்டையைச் செருமினான்.

"மெத்தையில வச்சதும் முழிச்சிட்டாரு, அதனால மெத்தை ஒத்துக்கலை. தூக்கிக்கிட்டுப் போகும்போதுதான் நல்லாத் தூங்குறாரு. தினமும் நாங்க மூணு பேரும் வந்து தூக்கிருதோம். நாலாவது ஆளுதான் இல்லை. உங்க கடையில இருக்குமா, இல்ல ஆர்டர் குடுத்துத்தான் வரவழைக்கணுமா?"