சட்டைப்பையில் ஒரு நோட்டு

வெள்ளியங்கிரியை அவமானப்படுத்தியவர் அவருடைய சகலை சென்னியப்பன். கல்யாணப் பந்தியில், நூறு பேர் காதுபட, "எட்டாவது தாண்டாத தலைக்குள்ள சிப்பெல்லாம் ஏறுமாங்க சகலை? உங்க பெட்டி என் மோட்டாரை நிறுத்திக் காட்டட்டும். தப்பு என்னுதுன்னு ஊர் முன்னால சொல்றேன்" என்றார். அன்று வைத்த பாயசத்தை வெள்ளியங்கிரி தொடவில்லை.

முப்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியவர், அறுபது வயதில் ஜெனிட்டாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். மின்னணு சிப் வேலை கற்றுத்தரும் அவளுக்கு அவர் மகள் வயது.

அங்கே அவர் செய்த பெட்டிக்கு வேலை ஒன்றுதான். போர்வெல்லில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டும். தாமதித்தால் காயில் கருகிவிடும். எந்த அளவில் நிறுத்துவது என்ற எண்ணையும், மோட்டார் ஓடிய விவரங்களையும், சிப்புக்கு வெளியே வைத்த மெமரியில் ஒன்றாகப் போட்டிருந்தார். எல்லா ஸ்பேனரையும் ஒரே பலகையில் மாட்டிப் பழகிய கை.

சோதித்தார். சில தடவை உடனே நின்றது. சில தடவை ஆறு நொடி இழுத்தது. மறுநாள் சகலை தோட்டத்தில் காட்டியாக வேண்டும்.

"இவ்வளவு வேகமான சிப் ஏன் டீச்சர் தூங்குது?"

ஜெனிட்டா அவர் சட்டைப்பையிலிருந்த குட்டி நோட்டை உருவி, ஏதோ எழுத ஆரம்பித்தாள்.

"காலையில அக்கா என்ன வாங்கிட்டு வரச் சொன்னாங்க?"

மனைவி சொன்னது நோட்டில்தான் இருந்தது. கையை நீட்டினார்.

"எழுதிட்டிருக்கேன். பொறுங்கண்ணா."

பொறுத்தார். அவள் நிதானமாக எழுதினாள்.

"சரி, சகலை பந்தியில என்ன சொன்னார்?"

அது தலைக்குள்ளேயே இருந்தது; ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் ஓடிய விவரத்தை வெளி மெமரியில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் சிப் எண்ணைக் கேட்டால் வாசிக்கவா கிடைக்கும்?

நிறுத்தும் எண்ணை மட்டும் சிப்புக்குள் கொண்டுவந்தார். இருபது தடவை சோதித்தார். இருபது தடவையும் சொடக்குப் போடுவதற்குள் நின்றது.

மறுநாள் தோட்டத்திலும் நின்றது. கூடியிருந்தவர்கள் விசிலடித்தார்கள். வெள்ளியங்கிரி வேட்டியை மடித்துக் கட்டி ஒரு சுற்று ஆடியே விட்டார். சென்னியப்பனை மட்டும் காணோம். திருப்பூரில் அவசர வேலையாம், விடியுமுன்பே கிளம்பிவிட்டாராம்.

ஜெனிட்டாவுடன் திரும்பும்போது வண்டியை ஓரம் கட்டினார்.

"சகலை பேசினதை நான் உள்ளேயே வெச்சுக்கறதா டீச்சர், வெளியே எழுதறதா?"

"அது நேத்தே வெளியே போயிடுச்சுண்ணா. நோட்டைப் பாருங்க."

திறந்தார். அவள் கையெழுத்தில், 'சென்னியப்பன், ஒரு வார்த்தை பாக்கி.' அதற்கு மேல் வரியில், அவர் வாங்க மறந்த கால் கிலோ வெந்தயம்.

வெள்ளியங்கிரி வண்டியைக் கடைப்பக்கம் திருப்பினார்.